பழைய கண்டன்சர்

மானாம்பதி ஏகாம்பரம் ரேடியோ ரிப்பேருக்குத் தரவேண்டிய பாக்கி நானூற்று இருபது ரூபாய். அதைத் தராமல், சரியில்லை என்று மூன்றாம் தடவையாக ரேடியோவையே தூக்கிக்கொண்டு உத்திரமேரூர் கடைக்கு வந்துவிட்டார். கூடவே மனைவி அங்கம்மாளும் வந்தாள்.

கடைக்காரன் தயாளன் மீட்டர் வைத்துப் பார்த்தான். ஒரு குறையும் இல்லை. இரைச்சலுக்குக் காரணமான, ஊதிப்போன பழைய கண்டன்சரை எடுத்துவிட்டு, அந்தச் சைஸ் இப்போது வருவதில்லை என்பதால் இரண்டு சின்னதைச் சேர்த்துப் போட்டிருந்தான். ஏரித் தண்ணீரில் மிதந்து வருவதுபோலப் பாட்டு வந்தது.

"நல்லா கேளு நைனா, எங்கனா இரைச்சல் கீதா?"

ஏகாம்பரம் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடி, மரப்பெட்டி மேல் உள்ளங்கையை வைத்து, "உசுரு இல்ல" என்றார்.

"இன்னாம்மா, துட்டு குடுக்காம இருக்கத்தான் நைனா நடிக்கறாரா?"

"நடிப்பு இன்னாத்துக்குப்பா? கொர்ருனு கத்துதேனு நான்தான் உங்கிட்ட குடுத்தேன். அன்னிலேர்ந்து மனுசன் தூங்கல. குவாரி வெடியில காது போயி ஆறு வருசமாச்சு. கைய வச்சிக்கினுதான் கேப்பாரு."

தயாளன் டப்பாவில் போட்டிருந்த பழைய கண்டன்சரைத் தேடி எடுத்து மீட்டரில் பார்த்தான். வலு போயிருந்தது, ஷார்ட் ஆகவில்லை. அதையே திரும்பப் பற்றவைத்து, சூடாகிறதா என்று கொஞ்ச நேரம் ஓடவிட்டான்.

கொர்ரென்று பெட்டி அதிர்ந்தது. தூக்கத்தில் யாரோ கூப்பிட்டதுபோல ஏகாம்பரம் சிரித்தார்.

"பாடறான்."

மடியிலிருந்து நானூற்று இருபதை எடுத்து நீட்டினார். புது கண்டன்சருக்குப் போட்ட நூற்றிருபதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாக்கி நோட்டில் அவர் பேரை அடித்தான் தயாளன்.