கழியில் தெரிந்த தலைகள்

கடலோரக் காப்புக்காட்டில் மனிதர்கள் வசிக்கக் கூடாது என்று இருளர் குடியிருப்பைக் காலி செய்ய வனத்துறைப் படகு வந்தது. அந்தக் காலையிலும் பெண்கள் உப்பங்கழியில்தான் இருந்தார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்தபடி, தலை மட்டும் வெளியே தெரிய நீரில் தவழ்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மேலே வட்டமிட்ட கண்காணிப்பு ட்ரோன் திடீரென்று அறிவித்தது: "இங்கே நீர்நாய்கள் குடும்பமாக வாழ்கின்றன. இவற்றை யாரும் அப்புறப்படுத்தக் கூடாது."

ட்ரோன் சொன்னால் சொன்னதுதான். படகு திரும்பிப் போனது.

கன்னியம்மா பறியை வாயிலிருந்து எடுத்து, நெஞ்சு நிறைய மூச்சுவிட்டாள். அவள் நாத்தனார் பச்சையம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"நம்மளப் போயி நாய்னு சொல்லுதே அண்ணி! படகக் கூப்ட்டு இல்லன்னு சொல்லிடலாமா?"

"பேசாம பறியக் கடிடி. மனுசின்னு தெரிஞ்சுதானே காலி பண்ணச் சொன்னாங்க!"