சாட்சிக் கையெழுத்து

“நாளைக்கு அவன் திருவிருந்துக்கு வரக் கூடாதுங்க ஐயா. அவன் பேரை அடிச்சிடுங்க.”

ஈஸ்டருக்கு முந்தின நாள் காலை, வேலைக்குப் போகிற வழியில், பாதிரியார் வீட்டு வாசலில் நின்று சபை மூப்பர் ரத்தினசாமி சொன்னார். அவர் கையில் ஒரு மனு. அதில் ஏழு பேருடைய கைநாட்டு.

அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்தில் பங்கு கொள்கிறவர்கள் முன்னாடியே பாதிரியாரிடம் பேர் கொடுத்துவிட வேண்டும். அது அந்தச் சபையின் வழக்கம். மூப்பர் அடிக்கச் சொன்ன காசியும் கொடுத்திருந்தான். ஞானஸ்நானத்தில் புதுப் பேர் வைத்தும் ஊர் வாயில் அவன் காசிதான். நாளைக்குத்தான் முதல் தடவையாகப் பந்தியில் முழங்கால் போடப் போகிறான். அதற்காக அவன் பெண்சாதி பட்டம்மாள் அவனுடைய ஒரே நல்ல வேட்டியை வெளுத்து மடித்து வைத்திருந்தாள்.

அப்படிப்பட்டவன் பெரிய வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வராமல் தோல் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டான். விடியற்காலையில் போனதையும், இருட்டின பிறகு முழங்கால் வரை சுண்ணாம்போடு திரும்பினதையும் தெருவே பார்த்தது. கோயிலில் மூப்பர் சிலுவைப் பாடுகளைப் பற்றிப் பிரசங்கம் செய்யச் செய்ய, பட்டம்மாள் தனியாக உட்கார்ந்து அழுதாள். கேட்டவர்களிடம் முகத்தைத் திருப்பிக் கொண்டாள்.

மூப்பருக்கு வயிறு எரிந்ததில் நியாயம் இருந்தது. ஆம்பூரில் அவர்கள் வேலை செய்த கம்பெனியில் பெரிய வெள்ளிக்கு லீவு என்பதே கிடையாது. இந்த வருஷம் மூப்பர்தான் முதலாளி சாயபு வீட்டுக்கு மூன்று தடவை நடந்து கும்பிட்டுக் கேட்டார். நாலாம் நாள் லீவு வந்தது. அது தன்னால் வந்தது என்பதைப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக் கொண்டும் இருந்தார். அந்த லீவை ஒருத்தன் கூலிக்கு ஆசைப்பட்டு உதறினால் பொறுக்குமா?

பாதிரியார் நிதானமான மனுஷர். தெருவில் பார்த்தவர்கள் சாட்சி போதாது, கம்பெனியில் அவன் வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தவர் எழுதிக் கொடுக்கட்டும், சாயங்கால ஜெபத்துக்கு மணி அடிப்பதற்குள் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு மூப்பருக்கு வேலையே ஓடவில்லை. தோல் சீவும் கத்தி இரண்டு தடவை வழுக்கியது. தலைப்பாகையை அவிழ்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்தார். மத்தியானக் கஞ்சியைத் தொடவில்லை. மணி அடிப்பதற்குள் காரியம் முடிய வேண்டுமே என்று மேஸ்திரி மக்பூல் அகமதுவைத் தேடிக்கொண்டு ஓடினார்.

“மேஸ்திரி பாய், நேத்து காசி இங்க வேலை செஞ்சான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. சபையில காட்டணும்.”

மக்பூலுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“தாராளமா எழுதறேன் மூப்பரே. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினான். நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க, நல்லதாப் போச்சு.”

“இன்னாத்த சொல்லக் கூடாதுன்னான்?”

பென்சிலைத் தேடிக்கொண்டே மக்பூல் சொன்னார். மூப்பர் மூன்று தடவை கேட்டும் முதலாளி முடியாது என்றுதான் சொன்னார். மற்ற வேலையெல்லாம் ஒரு நாள் நின்றால் நிற்கும். ஆனால் சுண்ணாம்புக் குழியில் ஊறுகிற தோலைத் தினமும் வெளியே இழுத்துப் புரட்டிப் போட வேண்டும். ஒரு நாள் விட்டாலும் தோல் கெட்டுவிடும். அதனால் குழி ஆள் எட்டுப் பேரையும் அனுப்ப மாட்டேன் என்பது முதலாளியின் கட்சி. மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த எட்டுப் பேரில் ஒருத்தன் அவர் வாசலில் போய் நின்றான்.

“மத்த ஏழு பேரையும் வுட்டுடுங்க, எட்டு ஆள் வேலையும் நானே செய்யறேன்னான். முதலாளி அதுக்கப்புறம்தான் தலையாட்டினாரு. நேத்து பூரா ஒண்டியா இழுத்தான். கை ரெண்டையும் சுண்ணாம்பு தின்னுடுச்சு. இன்னிக்குக் காலையில வேலைக்கு வந்தவன நான்தான் வூட்டுக்கு அனுப்பினேன்.”

மூப்பர் தலைப்பாகைத் துணியால் கண்ணைத் துடைத்துக் கொண்டார். “எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாய்?”

“நானும் கேட்டேன். விஷயம் தெரிஞ்சா அந்த ஏழு பேரும் கோயில்ல நிம்மதியா உக்கார மாட்டாங்கன்னுட்டான்.”

மூப்பர் மடியில் இருந்த மனுவை எடுத்தார். அதில் கைநாட்டு வைத்திருந்த ஏழு பேரும் அந்தக் குழி ஆட்கள்தான். வெட்கம் அவர் உடம்பு முழுக்கச் சுட்டது. லீவு கிடைத்ததே போதும் என்று இருந்துவிட்டார். எப்படிக் கிடைத்தது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. காகிதத்தை நாலாகவும் எட்டாகவும் கிழித்துப் போட்டார்.

“இன்னா மூப்பரே, எழுத வேணாமா?”

“வேணாம் பாய். இனிமே சாட்சி தேவையில்ல.”

மக்பூல் அவரை விநோதமாகப் பார்த்தார்.

“இன்னா இப்பத்தான் புதுசாக் கேக்கற மாதிரி அழறீங்க? நேத்து சாயங்காலம் உங்க ஆளுங்க பேசிக்கினே போனாங்களே. எல்லார் பாரத்தையும் ஒருத்தரே சொமந்தாருன்னு நீங்க கோயில்ல சொல்லச் சொல்ல, அழாத ஆளே இல்லியாமே. நீங்க காசியப் பத்தித்தான் பேசினீங்கன்னு இல்ல நான் நெனச்சேன்.”