இருபத்தைந்து டாலருக்கு மேல் போகாது

ஆறாவது பரங்கிக்காயைத் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே வெண்டல் செருகிக்கொண்டபோது கூட்டம் கைதட்டியது. பதினெட்டு வருஷ ஆபீஸ் வாழ்க்கையில் இப்படி ஒரு மரியாதை அவனுக்கு ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை.

“பார்த்தியா மார்லா? சிக்கனத்துக்கு ஜனங்க எழுந்து நின்னு கைதட்டுறாங்க!” தாடையை அசைக்க முடியாததால் பல்லைக் கடித்துக்கொண்டே பேசினான்.

“எழுந்தெல்லாம் நிக்கல. உட்கார்ந்துதான் தட்டுறாங்க,” என்றாள் அவன் மனைவி. வைக்கோல் கட்டுகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அக்டோபர் கடைசி சனிக்கிழமை. ஓஹையோவில் பிள்ளைகுட்டிக்காரன் எவனும் அன்றைக்கு வீட்டில் இருக்க முடியாது, பண்டிகைக்குக் காய் வாங்கப் பரங்கித் தோட்டத்துக்குப் போயே ஆக வேண்டும். போனால் வைக்கோல் வண்டியில் ஏறக் காசு. சோளக்காட்டில் வழி தெரியாமல் சுற்றக் காசு. அவர்கள் வளர்க்கிற ஆட்டுக்கு நாம் தீனி போட, அதற்கும் நாமே காசு.

வெண்டலிடமா இதெல்லாம் பலிக்கும்? காரை ஒரு மைல் தள்ளி ஒரு சர்ச் வாசலில் இலவசமாக நிறுத்தினான். சாண்ட்விச்சுகளைக் கோட்டுப் பைகளில் ஒளித்துக் கொண்டுவந்தான். வைக்கோல் வண்டிக்கு அழுத மகன் கோடியிடம், “வண்டில போனாலும் இதே காத்துதான்டா, நடந்தாலும் இதே காத்துதான்,” என்று தத்துவம் சொன்னான்.

காலையில் சமையலறையில் நின்று சபதமே போட்டிருந்தான். “மொத்தச் செலவு இருபத்தஞ்சு டாலர். அதுக்கு மேல ஒரு சென்ட் போகாது.”

“போனா?” என்றாள் மார்லா.

“போனா, அடுத்த வருஷம் உன் அண்ணன் சொல்ற ஏரிக்கரை ஹோட்டலுக்கே போவோம். நான் வாயே திறக்க மாட்டேன்.”

வெண்டல் வாயைத் திறக்காமல் இருந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. மார்லாவுக்கு ஏரியைவிட அந்த இரண்டாவது வாக்குறுதிதான் பிடித்திருந்தது.

அவன் நம்பிக்கையெல்லாம் தோட்டத்துப் பலகையில் எழுதியிருந்த ஒரு விதியின் மேல். இருபத்தைந்து டாலர் கட்டினால் ஒரே தடவையில் தூக்க முடிந்த காயெல்லாம் நமக்கு. தூக்கிக்கொண்டு முப்பது அடி நடந்து தரையில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்ட வேண்டும். ஒன்று கீழே விழுந்தாலும் போச்சு, எல்லாவற்றையும் எடை போட்டு முழு விலை வாங்கிவிடுவார்கள். இதற்காக வீட்டில் மூன்று வாரம் தலையணை, துணிக்கூடை, கடைசியில் கோடி என்று படிப்படியாகத் தூக்கிப் பழகியிருந்தான்.

இரண்டரைக்கே போய்த் தயாராக நின்றவனைத் தோட்டக்காரி இர்மாதான் தடுத்து வைத்தாள். “மூணு மணிக்குத்தான் தம்பி. என்ன அவசரம்? ஆளுங்க வந்து உட்காரட்டும்.”

தன்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆட்கள் வருகிறார்கள் என்று வெண்டல் எடுத்துக்கொண்டான். எதையும் அவன் அப்படித்தான் எடுத்துக்கொள்வான். அந்த இடைவெளியில் மார்லா பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய் வந்தாள்.

“இன்னொண்ணு வைக்கட்டுமா தம்பி?” என்றாள் இர்மா இப்போது.

“வை! வை!” என்று கூட்டம் கத்தியது.

ஏழாவதை வைக்க மேலே இடமில்லை. தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டான். வாத்து மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்தான். பத்தாவது அடியில் மூச்சு வாங்கியது. பதினைந்தாவது அடியில் பேண்ட் இடுப்பை விட்டு இறங்க ஆரம்பித்தது.

“அப்பா, பேண்ட்டு!” என்று அலறினாள் மகள் டெசா.

“பேண்ட்டு போனா போகட்டும்! காய் விழாம இருக்கான்னு பாரு!”

பேண்ட் போனது. முழங்காலில் சுருண்டு, தொடையில் இருந்த காயைத் தொட்டில் மாதிரி தாங்கிக்கொண்டது. கோடு போட்ட உள்ளாடையோடு வெண்டல் கோட்டைத் தாண்டினான். ஏழு காயும் பத்திரம். ஒரு பெரியவர் சிரித்துச் சிரித்து வைக்கோல் கட்டிலிருந்து பின்பக்கமாக விழுந்தார்.

வெண்டல் பேண்ட்டை ஏற்றி, இர்மாவின் மேஜையில் இருபத்தைந்து டாலரை அறைந்து வைத்தான். “உன் அண்ணன்கிட்ட சொல்லு மார்லா! இருபத்தஞ்சே டாலர்! இந்தத் தோட்டத்தையே தோற்கடிச்ச ஒரே ஆள் நான்தான்!”

“ஆமாமா,” என்றாள் மார்லா.

கீழே விழுந்த பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இர்மாவிடம் வந்தார். “அம்மா, அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு?”

“நாலரைக்கு. ஆனா இந்த டிக்கெட் செல்லாது, புதுசா எடுக்கணும். பின்னாடி ஆறு டாலர், முன்வரிசை எட்டு.”

வெண்டலுக்கு விஷயம் மெதுவாகத்தான் ஏறியது. ஏறியதும் அவனுக்கு வந்தது வெட்கம் அல்ல, ஊரார் ஊதாரித்தனத்தின் மேல் கோபம்.

“டிக்கெட்டா? ஒருத்தன் காய் தூக்கிட்டு நடக்குறதைப் பார்க்க எட்டு டாலரா? எந்த மடையன் மார்லா குடுப்பான்?”

மார்லா எழுந்து பாவாடையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டாள்.

“நான்தான். மூணு டிக்கெட், முன்வரிசை.”