முதலாளி நிறுத்திய வாசிப்பு

வாசகசாலை ஆண்டு விழாவில் வாசிப்பின் பெருமையை ஒரு மணி நேரம் முழங்கிவிட்டு வந்த பொன்னுத்துரை முதலாளி, மறுநாள் காலை தன் சுருட்டுக் கொட்டகையில் வாசிப்பை நிறுத்திவிட்டார்.

அங்கே நெடுநாள் வழக்கம் ஒன்று உண்டு. பெண்கள் காசு கூட்டி வாங்கும் பேப்பரைச் சோலையம்மாள் உரக்க வாசிப்பாள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுச் சுருட்டி, ஆளுக்கு இரண்டை அவள் முறத்தில் போடுவார்கள். விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போனவளுக்கு அதில்தான் பிழைப்பு ஓடியது.

"அடுத்தவுக வாசிச்சுக் கேக்குறது ஒரு வாசிப்பா? அவுகவுக கண்ணால வாசிக்கணும். நேத்துக் கூட்டத்துல இதைச் சொன்னப்ப எம்புட்டுக் கைதட்டுத் தெரியுமா?" என்றார் முதலாளி.

ஏழை சொல் அம்பலம் ஏறுமா? சோலையம்மாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் புகையிலையை எடுத்தாள்.

"ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு வந்து நம்ம வயித்துல அடிக்கிறாரு பாரு," என்று பக்கத்தில் இருந்த பழனியம்மாள் முணுமுணுத்தாள்.

அவருக்கென்ன? கொட்டகையைத் தடுத்திருந்த மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் முன்னறையில் மூக்குக்கண்ணாடியோடு பேப்பரை விரித்துப் பிடித்து உட்கார்ந்திருப்பவர். கடைத்தெருப் பெரிய மனிதர்கள் நாட்டு நடப்பை அவரிடம்தான் வந்து கேட்பார்கள். அம்புட்டுப் படித்தவருக்கு அடுத்தவள் பசி தெரியவில்லையே என்று சோலையம்மாளுக்கு மனசு கசந்தது.

வாசிப்பு நின்றதும் முறத்தில் சுருட்டு விழுவதும் நின்றது. யார் வீட்டில்தான் உலை வைக்க வேண்டாம்? சோலையம்மாள் வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது.

முதலாளிக்கும் என்னவோ ஆகிவிட்டது. வந்த பெரிய மனிதர்களைத் தலைவலி என்று திருப்பி அனுப்பினார். கணக்கப்பிள்ளை மேல் எரிந்து விழுந்தார்.

சனிக்கிழமை காலை சோலையம்மாளைத் தனியாகக் கூப்பிட்டார். சீட்டைக் கிழிக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே போனாள்.

"இன்னைலருந்து பழையபடி வாசி ஆத்தா."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன இருந்தாலும் நல்ல மனுசன் என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

முதலாளி மறுபடி கூப்பிட்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தட்டிப் பக்கமாத் திரும்பி உக்காந்து கொஞ்சம் சத்தமா வாசி. பத்து மணிக்கு ஆளுக வந்துருவாக. பேப்பர்ல என்ன சேதின்னு அவுகளுக்கு நாந்தான சொல்லணும்?"