விக்டோரியா வயலின் கற்ற கதை

"நிறுத்தும்மா! நாயுடு வராரு!"

ஆரோக்கியமேரி பதறிப்போய் மகளின் கையிலிருந்த வில்லைப் பிடித்துக்கொண்டாள். பத்து வயது விக்டோரியா வயலினை அவசரமாகக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

வீட்டுக்காரர் கோபால் நாயுடு அன்று ஒரு வாடகை வழக்குக்காகக் கோர்ட்டுக்குப் போய்விட்டு எரிச்சலோடு திரும்பியிருந்தார். இந்த நேரம் பார்த்தா இந்தக் கிறீச் சத்தம்! ஆரோக்கியமேரியின் கணவன், ரயில்வே கூட்ஸ் ஷெட் குமாஸ்தா யேசுதாஸுக்குத் திருவள்ளூரில் இன்னொரு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு.

நாயுடு வாசற்படியில் நின்றார். "இன்னா சத்தம் அது?"

"மன்னிச்சிக்குங்க ஐயா," என்றான் யேசுதாஸ். "எங்கண்ணன் பழைய வயலின் ஒண்ணு குடுத்தாரு. கொழந்த ஆசையா இழுத்துப் பாத்துக்கினு இருந்திச்சி. இனிமே தொடமாட்டா."

"ஏன் தொடக்கூடாது? எடு பாப்பா. இன்னொரு வாட்டி இழு, கேப்போம்."

விக்டோரியா பயந்துகொண்டே இழுத்தாள். எண்ணெய் காணாத ராட்டினம் போல வயலின் அலறியது. பக்கத்துப் போர்ஷனில் யாரோ ஜன்னலை அறைந்து சாத்தினார்கள்.

நாயுடுவின் முகம் மலர்ந்துவிட்டது.

"சரஸ்வதி கடாட்சம்யா! இந்த ஆசையப் போயி கிள்ளிப் போடலாமா? வாத்தியார நான் ஏற்பாடு பண்றேன், அது என் பொறுப்பு. தெனம் சாயங்காலம் வாசிக்கட்டும். உள்ள வேணாம், இந்த ரூம்புலயே சொவரோரமா ஒக்கார வையி. நல்லா காத்து வரும்."

யேசுதாஸுக்குக் கண் கலங்கியது. பெற்ற தகப்பனுக்கே தோன்றாதது இந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறதே!

வாத்தியாராக வந்தவன் மோசஸ். சர்ச்சில் பாடகர் குழுவுக்கு வயலின் வாசிக்கும் இளைஞன். முதல் நாளே அப்பாவையும் அம்மாவையும் எதிரில் உட்கார வைத்துப் பேசினான்.

"ஆரம்பத்துல பூனை கத்துற மாதிரிதாங்க இருக்கும். நீங்க காதப் பொத்திக்கக் கூடாது. கொழந்த பாத்துட்டா கை கூசிப் போயிடும். நடுவுல அவளே வேணான்னு அழுவா. அப்பவும் வுட்ராதீங்க, கூடவே ஒக்காருங்க. பாட்டு ஒருநாள் சொல்லாம கொள்ளாம வந்துரும்."

அவன் சொன்னதெல்லாம் நடந்தது, பாட்டைத் தவிர. மாதங்கள் போய்க்கொண்டே இருந்தன. ஆரோக்கியமேரிக்குச் சாயங்காலமானால் தலைவலி வந்தது. யேசுதாஸ் வராத கூட்ஸ் வண்டிக்கெல்லாம் காத்திருந்துவிட்டு வீட்டுக்குத் தாமதமாக வந்தான்.

ஒருநாள் விக்டோரியா வில்லைத் தூக்கிப் போட்டுவிட்டு அழுதாள். "எனக்கு வராதும்மா. ஸ்கூல்ல எல்லாரும் என்னை 'கிறீச்சு'ன்னு கூப்பிடறாங்க."

ஆரோக்கியமேரி வில்லை எடுத்து மகளின் கையில் வைத்துவிட்டு, முந்தானையை உதறிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று முதல் தினமும் அங்கேயே உட்கார்ந்துதான் அரிசியில் கல் பொறுக்கினாள். காதை மட்டும் பொத்தவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் வக்கீல் ஷஃபியுல்லா குடியிருந்தார். நாயுடுவின் அந்தப் போர்ஷனில் பழைய வாடகைக்கே வெகுகாலமாக இருப்பவர், யாருக்கும் எதற்கும் மசியாதவர். அவரே ஒருநாள் காதில் பஞ்சோடு வந்து நின்றார்.

"நாளைக்கு ஒரு கேஸும்மா. படிக்க முடியல. இன்னிக்கி ஒருநாள் பாப்பாவுக்கு லீவு குடுக்க முடியுமா?"

யேசுதாஸ் கூனிக் குறுகிப் போனான். போதும், வகுப்பை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்து நாயுடுவிடம் போய்ச் சொன்னான்.

"மூச்! இன்னா பேசற நீ?" நாயுடு சீறினார். "கலைய நிறுத்தறது பாவம்யா. காலைலயும் சேத்து வாசிக்கச் சொல்லு!"

அன்று முதல் யேசுதாஸ் குடும்பம் ராத்திரி ஜெபத்தில் கோபால் நாயுடுவின் பெயரையும் சேர்த்துக்கொண்டது.

அடுத்த தை மாதம், ஒரு சாயங்காலம், பக்கத்துப் போர்ஷன் வாசலில் மாட்டுவண்டி நின்றது. கட்டில், பீரோ, தடித்தடியான சட்டப் புத்தகங்கள் எல்லாம் ஏறிவிட்டன. வக்கீலின் மனைவி பீவி ஜான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தாள். நாயுடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே கடைசிப் பாத்திர மூட்டையைத் தோளில் தூக்கி வந்தார்.

யேசுதாஸ் ஓடிப்போய்க் கையைப் பிசைந்தான். "எங்க பொண்ணாலதான நீங்க..."

வக்கீல் வண்டியில் காலை வைத்தார்.

அப்போதுதான் அது கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிற கீர்த்தனை. தயங்கித் தயங்கித் தொடங்கி, இரண்டாவது அடியில் கிறீச்சே இல்லாமல் நிமிர்ந்து, வழவழவென்று தெருவுக்கு இறங்கி வந்தது. வண்டிக்காரன் தார்க்குச்சியைத் தாழ்த்தினான்.

"வாத்தியாரா வாசிக்கிறாரு?" என்றார் வக்கீல்.

யேசுதாஸ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். மோசஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஆரோக்கியமேரி முறத்தை மடியில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"இல்லீங்க," என்றான் யேசுதாஸ். "எம் பொண்ணுங்க."

வக்கீல் காதிலிருந்த பஞ்சை எடுத்தார். பாட்டு முடியும்வரை அசையாமல் நின்றார்.

பீவி ஜான்தான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏங்க, இத்தினி நாளு பேஜாரெல்லாம் நாம பட்டோம். நல்லா வாசிக்க ஆரம்பிச்சப்புறம் எவனோ வந்து கேக்கறதா? சாமான எறக்கச் சொல்லுங்க."

வக்கீல் யோசித்தார். வண்டிக்காரனைப் பார்த்துத் தலையாட்டினார். கட்டில் மறுபடியும் உள்ளே போனது.

நாயுடு தோளிலிருந்த மூட்டையைத் தொப்பென்று போட்டுவிட்டு யேசுதாஸின் வீட்டுக்குள் நுழைந்தார். ஆரோக்கியமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆசீர்வாதம் வாங்கச் சொல்லி மகளை அவர் முன்னால் நிறுத்தினாள்.

அவர் குழந்தையைப் பார்க்கவே இல்லை. நேராக மோசஸிடம் போனார்.

"உன்ன யாருய்யா நல்லா கத்துக்குடுக்கச் சொன்னது?"