பூடகம்

"இது காயமா, கத்திரிக்காயா?" என்றார் இயக்குநர்.

மேக்கப் பெண் பஞ்சை எடுத்து, நாயகியின் கன்னத்திலிருந்த ஊதாவை மறுபடியும் துடைத்தாள். காலையிலிருந்து அந்தக் கன்னத்தில் வரைவதும் அழிப்பதுமாகவே பொழுது போய்க்கொண்டிருந்தது. அவள் தனியாகப் பொறுப்பேற்றிருக்கும் முதல் படம் இது. இதில் பேர் கெட்டால், மறுபடி யாரிடமாவது பிரஷ் கழுவிக் கொடுக்கப் போக வேண்டியதுதான்.

புருஷனிடம் அடி வாங்கும் ஒரு பெண்ணின் கதை. ஆனால் படத்தில் அடி கிடையாது, அழுகை கிடையாது, யாரும் குரலை உயர்த்துவதுகூடக் கிடையாது. எதையாவது நேரடியாகக் காட்டிவிட்டால் இயக்குநருக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

யூனிட்டில் அவருக்குப் 'பூடகம்' என்று பட்டப்பெயர். போன படத்தை அவர் எடுத்த பூடகத்தில், அது வெளியானதே பல பேருக்குத் தெரியாது. அதையும் அவர் வெற்றிக் கணக்கில்தான் சேர்த்திருந்தார்.

நாயகி அவருடைய மனைவிதான். செட்டில் அவளும் 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும். கலைக்கு நடுவில் குடும்பம் வரக் கூடாதாம். அவளை அவர் நேருக்கு நேர் பார்ப்பதுகூட இல்லை, எல்லாம் மானிட்டரில்தான்.

"அடிபட்ட அன்னிக்கு இருக்கற காயம் வேணாம்மா" என்று மேக்கப் பெண்ணுக்குப் பாடம் எடுத்தார். "நாலு நாள் கழிச்சு மறைஞ்சும் மறையாம இருக்கும் பாரு, அது வேணும். பாக்கறவனுக்குச் சந்தேகம்தான் வரணும். ஓரம் கோணலா, அரைகுறையா இருக்கட்டும். குறை இருந்தாத்தான் நம்புவான்."

அவள் மஞ்சளில் துளி பச்சையைக் குழைத்துத் தடவி, கட்டைவிரலால் ஓரத்தைக் கலைத்துவிட்டாள். இயக்குநர் மானிட்டரை உற்றுப் பார்த்தார். பிறகு மோதிரம் போட்ட விரலால் திரையை டொக்கென்று தட்டி, "இது காயம்" என்றார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கேமரா ஓடியது. நாயகி சமையலறைக்குள் வந்து, மேல்தட்டில் இருக்கும் டப்பாவை எட்டி எடுக்க வேண்டும். அவ்வளவுதான் காட்சி. எட்டினாள். சட்டையின் நீளக் கை சரிந்து தோள்வரை இறங்கியது.

"கட். முழங்கைக்கு மேல என்ன அது?"

ஷாட்டை நிறுத்திப் பெரிதாக்கினார். எல்லோரும் மானிட்டரைச் சுற்றிக் கூடினார்கள். வரிசையாக நாலு விரல் தடம் கன்றிப்போயிருந்தது.

"ஓஹோ, கையைப் பிடிச்சு முறுக்கிட்டானாக்கும். பக்கத்துலயே 'உபயம்: என் புருஷன்'னு எழுதி ஒட்டிட வேண்டியதுதானே?" என்று மேக்கப் பெண்ணைப் பார்த்துக் கேட்டார்.

யூனிட் சிரித்தது. அவரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள், வேறென்ன செய்வார்கள்?

"நான் கன்னத்துல மூடி மூடிச் சொல்றேன், நீ கையில தமுக்கு அடிக்கறே. அதையாவது ஒழுங்கா செஞ்சியா? நாலு விரல் இருக்கு, கட்டைவிரல் எங்கே? இதுல ஒரு விரலுக்கு மட்டும் மோதிரம் கீறின கோடு வேற. படத்துல புருஷனுக்கு மோதிரமே கிடையாதே. கதையைப் படிச்சியா, இல்லியா?"

மேக்கப் பெண் வாயைத் திறந்தாள். நாயகியைப் பார்த்தாள். நாயகி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேக்கப் பெண் வாயை மூடிக்கொண்டாள்.

"கேக்கறேன்ல? யாரைக் கேட்டு இதைப் போட்டே?"

"ஸாரி சார்."

"பெட்டியைக் கட்டு. வேற ஆளை வெச்சுக்கறேன். நீ யார்கிட்ட வேலை கேட்டுப் போனாலும், உனக்கு முன்னாடி இந்த ஷாட் அவங்ககிட்டப் போய்ச் சேரும்."

சொன்னால் செய்கிற ஆள். சினிமாவில் அவரால் ஒருத்தருக்கு வாய்ப்பு வாங்கித் தர முடியாதே தவிர, கெடுக்க முடியும். அவள் பிரஷ்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தாள். ஒன்று கைதவறிக் கீழே விழுந்தது. நாயகிதான் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது அந்தப் பெண்ணின் கண் நிறைந்திருந்ததைப் பார்த்தாள்.

இயக்குநருக்கு இன்னும் ஆறவில்லை. ரசனை உள்ளவர்களுக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் ஆறாது போலிருக்கிறது. மானிட்டரைவிட்டுக் கண்ணை எடுக்காமலே மனைவியைக் கேட்டார்.

"நீயே சொல்லு. கன்னத்துல இருக்கறது கவிதை. கையில இருக்கறது கசாப்புக்கடை. ரெண்டையும் செஞ்சது ஒரே கைன்னு யாராவது நம்புவாங்களா?"

நாயகி சட்டைக் கையை நன்றாக மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு, அவருக்கும் மானிட்டருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"ஒரே கை இல்லீங்க. இது உங்க கை."