ஒரு பையனுக்கு ஒருவர்

"ஒரு பையனுக்கு ஒரு அப்பாதான். ரெண்டு பேரை உள்ள விட முடியாது" என்றார் அப்பா-மகன் மலை முகாமின் தலைவர் நீல்.

மற்ற அப்பாக்களும் மகன்களும் பையை முதுகில் மாட்டிக்கொண்டு மலையேறத் தயாராக நின்றார்கள். பதினான்கு வயது ரோரிக்கு மட்டும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் வாரன், அவன் அம்மாவின் இப்போதைய கணவர். இன்னொருவர் கிரெய்க், அவனைப் பெற்றவர். ரோரிக்கு ஐந்து வயதானபோது வீட்டை விட்டு ஆஸ்திரேலியாவின் மறுகோடியிலுள்ள பெர்த்துக்குப் போனவர்.

"மார்ச் மாசமே பேர் கொடுத்தது நான்" என்றார் வாரன். "பாலராட்லேர்ந்து விடியறதுக்கு முன்னாடி கிளம்பி வந்திருக்கோம்."

நீல் பட்டியலைத் திருப்பிக் காட்டினார். "போன வாரம் பேரை மாத்தியிருக்காங்களே. கிரெய்க்னுதான் இருக்கு."

வாரனுக்கு முகம் சிவந்துவிட்டது. கிரெய்க்கைப் பார்த்துத் திரும்பினார்.

"உன் வேலையா இது?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. வரச் சொல்லி மெசேஜ் வந்துது, வந்தேன். விமானத்துல நாலு மணி நேரம்."

"ஒன்பது வருஷம் எட்டிப் பார்க்காத ஆளுக்கு நாலு மணி நேரம் பெரிசாப் போச்சா? இவன் எந்த மாத்திரை சாப்பிட்டா உடம்பு தடிக்கும்னு தெரியுமா உனக்கு? இவன் ஃபுட்பால்ல எந்த இடத்துல ஆடுறான்னு சொல்லு பார்ப்போம்!"

கிரெய்க் ஓர் அடி முன்னால் வந்தார். "என்ன இருந்தாலும் என் ரத்தம் அவன்."

வாரனின் கை கிரெய்க்கின் சட்டைக் காலரில் இருந்தது. வரிசையில் நின்ற பையன்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

நீல் நடுவில் புகுந்து பிரித்தார். "பசங்களை ஆம்பளையாக்கக் கூட்டிட்டு வந்த லட்சணமா இது? இன்னொரு தடவை கை நீண்டா மூணு பேரும் வீட்டுக்குப் போகலாம். ரோரி, நீ சொல்லு. பேரை மாத்தினது யாரு?"

ரோரி தரையைப் பார்த்தபடி சொன்னான். "நான்தான். மெசேஜ் அனுப்பினதும் நான்தான்."

வாரன் அவன் பக்கம் திரும்பினார்.

"அப்போ அஞ்சு நாளும் யாரு கூட இருக்கப் போற?" என்றார் நீல்.

"அவரு கூட" என்று கிரெய்க்கைக் காட்டினான்.

முகாமின் கடைசி நாளான ஐந்தாம் நாள், எல்லோர் முன்னாலும் ஒவ்வோர் அப்பாவும் தன் மகனைப் பற்றிப் பேச வேண்டும். அதற்காக வாரன் மூன்று வாரம் பேருந்து ஓட்டிக்கொண்டே ஒத்திகை பார்த்திருந்தார். தன் பையைத் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி வேகமாக நடந்தார்.

பின்னால் ரோரி ஓடி வந்தான்.

"வாரன், நில்லுங்க."

"போடா. எல்லாரும் கிளம்புறாங்க பாரு."

"கோபமா?"

"கோபம் எதுக்கு?" வாரன் வண்டிச் சாவியை எடுத்தார். "பெத்தவரு அவரு. நான் யாரு?"

ரோரி வண்டிக் கதவைத் திறக்க விடாமல் சாய்ந்து நின்றான்.

"ஜூலை லீவுல பெர்த் போனேன்ல? அம்மா வருத்தப்படுவாங்கன்னு ஒரு விஷயத்தை வீட்டுல சொல்லல. அங்க அவருக்கு நாலு வயசுல இன்னொரு பையன் இருக்கான். டோபின்னு பேரு. 'அப்பா எப்ப வருவாரு'ன்னு பத்து நாளும் என்னையே கேட்டுட்டு இருந்தான். அவரு வீட்டுக்கே சரியா வர்றதில்ல." மூச்சு வாங்கிக்கொண்டான். "இந்த அஞ்சு நாள்ல அவரு அப்பாவா இருக்கக் கத்துக்கிட்டுப் போகட்டும். டோபிக்கு ஒரு அப்பா வேணும். எனக்குத்தான் நீங்க இருக்கீங்களே!"